தவழத் தெரிந்த ரோபோ எதற்கு?

இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் உருவான ஐகப் என்ற ரோபோவின் உயரம் 104 சென்டிமீட்டர். ஏறக்குறைய மூன்றரை வயதுக் குழந்தையின் அளவு என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. வெள்ளை முகம், உருண்டைக் கண்கள். புருவமும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்குக் கோடுகள் இருக்கின்றன. சிரிக்க வேண்டுமென்றால் வாய்க்கோடு மேலே வளையும். இதைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது "என்ன வேலை செய்யும்?" என்பதைத்தான். உள்ளதைச் சொன்னால், உருப்படியாக ஒரு வேலையும் செய்யாது. பொம்மையை எடுக்கும், சில நேரம் தவறவிடும். கால்கள் இருந்தும் பெரும்பாலான பரிசோதனைகளில் முதுகுப்புறமாக ஒரு இரும்புத் தாங்கியில் பிணைத்துத்தான் நிறுத்தியிருப்பார்கள். மின்சாரம் கேபிள் வழியே வரும்.

இப்படிப்பட்ட ஒன்றின் விலை ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூரோ. ஆனாலும் உலகெங்கும் 30க்கும் மேற்பட்ட பிரதிகள் ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. அங்கே அதனோடு வேலை செய்தவர்களில் பொறியாளர்கள் ஒரு பகுதிதான். குழந்தை உளவியல் படித்தவர்கள், குரங்கின் மூளையில் நரம்புச் செல்களை அளந்தவர்கள், மழலையைப் பதிவு செய்து எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பவர்கள் என்று ஒரு கலவையான கூட்டம். மனிதன் எப்படி அறிகிறான் என்ற பழைய கேள்வியை உலோகத்தில் செய்து பார்க்கலாமே என்ற ஆசை இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது.

அந்த ஆசை ரோபோவின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஐகப் மொத்தம் 53 விதங்களில் அசையக்கூடியது. தலைக்கு 6, இடுப்புக்கு 3, காலுக்கு ஆறாறு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஏழேழு. மிச்சமிருக்கும் 18ம் உள்ளங்கைகளுக்கும் விரல்களுக்கும். அதாவது பாதிக்கு மேல் கைகளிலேயே போய்விட்டது. பட்டறையில் பற்றவைக்கிற ரோபோக் கைக்கு ஆறு அச்சு போதும் என்று திருப்திப்படுகிற உலகத்தில் இது ஊதாரித்தனம். ஆனால் கையை நீட்டுவது, தொடுவது, புரட்டிப் பார்ப்பது, கண்ணால் தொடர்வது ஆகியவற்றிலிருந்துதான் சிந்தனை முளைக்கிறது என்று நம்புகிறவர்கள் வேறு எங்கே செலவழிப்பார்கள்?

இந்த நம்பிக்கை திடீரென்று வந்ததல்ல. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கடைசியில் இயந்திரங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். சதுரங்கம் போன்ற அருவமான விளையாட்டில் இறக்குவது ஒன்று; நல்ல புலன் கருவிகளைக் கொடுத்து, குழந்தைக்குச் சொல்லித் தருவது போலச் சொல்லித் தருவது இன்னொன்று. எது சரி என்று தெரியாது, இரண்டையும் முயலலாம் என்றார். அடுத்த பல பத்தாண்டுகள் முதல் வழியில்தான் பெருங்கூட்டம் போனது. 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் ப்ளூ, காஸ்பரோவை வென்றது. அன்றைக்கும் பலகையில் காயை நகர்த்த எதிரே ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது. உலக சாம்பியனை வெல்கிற கணக்கு இயந்திரத்துக்குச் சாத்தியமானபோது, நாலு வயதுப் பிள்ளை செய்கிற வேலைக்கு ஆள் தேவைப்பட்டது.

உடம்பின் பக்கம் நின்று பேசியவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பரிசோதனை 1963இல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் செய்தது. இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளில் இரண்டை ஒரு ராட்டினத்தின் இரு முனைகளில் கட்டினார்கள். ஒன்று தன் காலால் நடக்கும். மற்றது தொட்டிலில் உட்கார்ந்து, முதல் குட்டி இழுக்கிற இழுப்புக்குச் சுற்றும். இரண்டின் கண்ணிலும் பட்ட காட்சி ஏறக்குறைய ஒன்றே. பிறகு சோதித்தபோது, நடந்த குட்டிக்குப் பள்ளம் எது மேடு எது என்று தெரிந்தது. சுமக்கப்பட்ட குட்டி தடுமாறியது. பார்த்தது மட்டும் போதவில்லை. தான் அசைந்ததால் காட்சி மாறுகிறது என்ற தொடர்பு அதற்குக் கிடைக்கவே இல்லை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ராட்னி ப்ரூக்ஸ் 1993இல் காக் என்ற ரோபோவைத் தொடங்கினார். தலை, உடல், இரண்டு கைகள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதில் பால் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஜெனோவாவிலிருந்து போயிருந்த ஜோர்ஜோ மெத்தாவும் செய்த ஒரு சிறு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். மேசையில் ஒரு கனசதுரக் கட்டை கிடக்கிறது. கட்டை எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது என்று படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கணினிக்குப் பெரும்பாடு. நிறம் ஒன்றாக இருந்தால் இன்னும் மோசம். இவர்கள் ரோபோவைக் கையால் அதைத் தட்டச் சொன்னார்கள். தட்டியதும் எது சேர்ந்து நகர்கிறதோ அதெல்லாம் ஒரே பொருள், நகராதது பின்னணி. பார்வையின் சிக்கலைக் கை அவிழ்த்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் தட்டித் தள்ளும் ஒரு வயதுக் குழந்தையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மினோரு அசாடா இதே திசையில் தனி வழி வகுத்தார். அவர் குழு செய்த சி.பி.2 என்ற ரோபோ 130 சென்டிமீட்டர் உயரம், காற்றழுத்தத்தால் இயங்கும் மிருதுவான உடல், சாம்பல் நிறத் தோல். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அது ஒரே ஆய்வுக்கூடத்தின் ரோபோ. அங்கே கிடைத்த முடிவைச் சரிபார்க்க வேண்டுமானால் ஒசாகாவுக்குத்தான் போக வேண்டும். காக்கின் கதையும் அதுதான். உலகில் ஒரே ஒரு காக்தான் இருந்தது. இப்போது அது அருங்காட்சியகப் பொருள்.

ஐகப் வேறுபட்டது இந்த இடத்தில்.

ஐகப்பை உருவாக்கிய ரோபோட்கப் என்ற திட்டம் 2004 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில், சுமார் 85 லட்சம் யூரோவுடன் தொடங்கியது. ஜெனோவாவின் ஜூலியோ சாந்தீனி தலைமை. மெத்தாவும் டேவிட் வெர்னனும் உடன் நின்றவர்கள். பீசா, லிஸ்பன், சூரிக், லொசான், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்று பல ஊர்ப் பொறியாளர்கள் சேர்ந்தார்கள். திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்களாக நான் நினைப்பது பொறியியலுக்கு வெளியிலிருந்து வந்த இருவரை. ஒருவர் ஸ்வீடனின் உப்சாலாவில் கைக்குழந்தைகளை ஆராய்ந்த கிளேஸ் ஃபான் ஹாஃப்ஸ்டென். பிறந்து சில நாளே ஆன சிசுவின் கையசைவு வெறும் உதறல் என்று கருதப்பட்ட காலத்தில், பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கை அதன் பக்கமாகவே போகிறது என்று 1982இல் காட்டியவர். சில மாதக் குழந்தை, நகரும் பொம்மையை அது இருக்கும் இடத்தில் தேடாமல், அது வரப்போகும் இடத்துக்குக் கையை அனுப்புகிறது என்பதும் அவர் கண்டதே. இன்னொருவர் ஃபெராராவின் லூச்சானோ ஃபாதிகா. பார்மா நகரில் நரம்பியலாளர் ரிட்சொலாத்தியின் குழுவோடு சேர்ந்து, குரங்கு தானே ஒன்றைப் பற்றும்போதும் பிறர் பற்றுவதைப் பார்க்கும்போதும் தூண்டப்படும் நரம்புச் செல்களை 1990களின் தொடக்கத்தில் கண்டவர்களில் ஒருவர். கண்ணாடி நியூரான் என்று பின்னால் பெயர் பெற்றவை இவை.

இவர்கள் வந்து சேர்ந்ததால் ரோபோவின் வடிவமைப்புப் பட்டியலில் பொறியாளர் ஒருவர் தானாக எழுதவே மாட்டார் என்று சொல்லத்தக்க ஒரு வரி இடம்பெற்றது: இது தவழ வேண்டும், தவழ்ந்து உட்கார வேண்டும். நடக்கும் ரோபோ பெருமை. தவழும் ரோபோவால் யாருக்கும் விளம்பரம் கிடையாது. தவழ வேண்டுமென்றால் கைகள் உடல் எடையைத் தாங்க வேண்டும். அதே கைகள் நுட்பமாகப் பற்றவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்டுபிடிக்கும் தேவைகள். விரல்களுக்கான மோட்டார்களை உள்ளங்கையில் வைக்க இடமில்லாமல் முன்கையில் வைத்து, நம் தசைநாண் போலக் கம்பிகளை ஓட்டி விரல்களை இழுத்தார்கள். தவழ்தலைப் புரிந்துகொள்ள உப்சாலாவில் குழந்தைகளின் அசைவைப் பதிவு செய்தார்கள். லொசானில் ஆக்கே ஐஸ்பீர்ட்டின் குழு அதை அலசியது. நாலு காலில் போகும் மற்றப் பாலூட்டிகளின் நடைக்கும் மனிதக் குழந்தை தவழ்வதற்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதாக அந்தக் கூட்டுழைப்பிலிருந்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. ரோபோ செய்யப் போய்க் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

இந்தத் திட்டத்தின் இன்னொரு விளைச்சல் வெர்னன், ஃபான் ஹாஃப்ஸ்டென், ஃபாதிகா மூவரும் எழுதிய வளர்ச்சி வரைபடம்: பிறந்த நாளிலிருந்து குழந்தை எந்தத் திறனை எந்த வரிசையில் பெறுகிறது, ரோபோவுக்கு எதைப் பிறவியிலேயே கொடுப்பது, எதைக் கற்க விடுவது என்பதன் தொகுப்பு. படிக்கும்போது எனக்கு நம் பிள்ளைத்தமிழின் பருவங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை அசைக்கும் செங்கீரை, கை சேர்த்துக் கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி. புலவர்கள் வரிசைப்படுத்தியது பாட்டுக்காக. ஆனால் அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாமே உடம்பு செய்கிற காரியங்கள். ஆய்வாளர்களின் வரைபடமும் கழுத்து நிற்பதிலும் கண் தொடர்வதிலும்தான் தொடங்குகிறது, சொல்லில் அல்ல.

இனி பகிர்வு. ஐகப்பின் இயந்திர வரைபடங்கள், மின்சுற்று வரைபடங்கள், மென்பொருள் எல்லாமே ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. பட்டறையும் பணமும் இருந்தால் யாரும் செய்துகொள்ளலாம். திட்டப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நல்ல ஆய்வு யோசனை அனுப்பிய வெளி ஆய்வுக்கூடங்களுக்கு ரோபோவைச் செய்தே கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுக் கைகழுவவும் இல்லை. ஜெனோவாவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான செஸ்ட்ரி லெவாந்தேயில் கோடைப் பள்ளி நடத்தி, வெவ்வேறு நாட்டு மாணவர்களை ரோபோவோடு நாள்கணக்கில் உட்கார வைத்தார்கள்.

மென்பொருளின் பெயர் யார்ப். "இன்னுமொரு ரோபோ தளம்" என்று பொருள்படும் சுயகேலிப் பெயரின் சுருக்கம் அது. காக் காலத்து அனுபவத்திலிருந்து பிறந்தது. ஒரு முனைவர் பட்ட மாணவர் மூன்று வருடம் எழுதிய நிரல் அவர் போனதும் செத்துப்போகும். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். இந்தச் சாபத்தைத் தீர்க்க, பார்வைக்கு ஒரு நிரல், கைக்கு ஒரு நிரல், காதுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி, வலையமைப்பில் வாய்க்கால் வெட்டுவது போல இணைத்தார்கள். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மற்றவற்றுக்குத் தெரியவே தெரியாது. பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த ராஸ் என்ற தளம் ரோபோ உலகத்தை வளைத்துக்கொண்டது. யார்ப் ஐகப் குடும்பத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் இங்கிலாந்தின் பிளிமத்தில் எழுதியது பிரான்சின் லியோனில் ஓடும் என்ற நிலை இத்துறையில் அன்றைக்குப் பெரிய விஷயம். ஒரே உடம்பு பல ஊர்களில் இருந்தால்தான், "உன் கோட்பாடு உன் ரோபோவில் மட்டும்தான் பலிக்கும்" என்ற சமாதானத்தை யாரும் சொல்ல முடியாது.

நடைமுறையில் அந்த "ஒரே உடம்பு" கொஞ்சம் கற்பனைதான். கம்பிகள் தளரும், அறும். ஒவ்வொரு பிரதியையும் தனியே சரிக்கட்ட வேண்டும்.

சரி, இத்தனை பாடுபட்டு மனதைப் பற்றி என்ன தெரிந்தது? என் பார்வையில் மிக உறுதியான பதில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி மோர்ஸ், ஆஞ்செலோ கஞ்செலோசி, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளை ஆராயும் லிண்டா ஸ்மித் ஆகியோரின் கூட்டு வேலையில் இருக்கிறது. 2015இல் வெளியானது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளையாட்டைக் கற்பனை செய்யுங்கள். குழந்தைக்கு இடப்பக்கம் ஒரு பொம்மையைக் காட்டுகிறோம், வலப்பக்கம் இன்னொன்றை. இப்படிச் சிலமுறை. பிறகு இரண்டையும் ஒளித்துவிட்டு, வெறுமையாக இருக்கும் இடப்பக்கத்தைக் காட்டி "மோடி" என்கிறோம். (அர்த்தமில்லாத சொல் வேண்டும் என்பதற்காக ஆய்வாளர்கள் புனைந்த ஓசை அது, நம் காதுக்கு வேறு மாதிரி கேட்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை.) கடைசியில் இரண்டு பொம்மைகளையும் நடுவில் வைத்து "மோடி எங்கே?" என்றால், இடப்பக்கம் பார்த்த பொம்மையைக் குழந்தை எடுக்கிறது. பெயர் சொன்னபோது பொருள் கண்ணில் இல்லை. ஆனாலும் இடம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

கேள்வி, அது எந்த இடம்? அறையின் இடப்பக்கமா, என் உடம்பின் இடப்பக்கமா? ஐகப்பில் இவர்கள் ஒரு துணிச்சலான அனுமானத்தை நிரலாக்கினார்கள். பார்த்த வடிவமும் கேட்ட ஓசையும் நேரடியாக இணைவதில்லை. அந்த நேரத்து உடல் நிலை நடுவில் நின்று இரண்டையும் இணைக்கிறது. தலை எந்தப் பக்கம், கண் எந்தப் பக்கம், உடம்பு எப்படி இருந்தது என்பதே பசை. முதலில் இந்த ரோபோ, குழந்தைகளிடம் ஏற்கெனவே கண்டிருந்த முடிவுகளை அப்படியே தந்தது. அது பெரிதில்லை, தெரிந்த விடைக்கு ஏற்ப நிரல் எழுதுவது எவருக்கும் கைவரும். அடுத்துத்தான் விஷயம். இந்த அனுமானம் சரியென்றால், பொருளைக் காட்டும்போது ஒரு நிலையிலும் பெயரைச் சொல்லும்போது வேறு நிலையிலும் உடம்பு இருந்தால் முடிச்சு விழக்கூடாது. ரோபோவில் செய்தார்கள், விழவில்லை. பிறகு இந்தியானாவில் உண்மையான குழந்தைகளை உட்கார்ந்த நிலையில் ஒன்றும் நின்ற நிலையில் மற்றொன்றுமாக வைத்துப் பார்த்தார்கள். அங்கும் குழம்பிப்போனது. ஒரே ஆய்வில் ஒன்பது பரிசோதனைகள். முதல் ஐந்து ரோபோவுக்கு, கடைசி நான்கு குழந்தைகளுக்கு.

லிண்டா ஸ்மித்துக்கு இது புதுக் களம் இல்லை. குழந்தை உளவியலின் முன்னோடி ழான் பியாஜே கண்ட ஒரு விநோதம் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு முன்னால் பொம்மையை ஒரு துணிக்கடியில் சிலமுறை ஒளித்துவிட்டு, பிறகு அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் துணிக்கடியில் ஒளித்தால், கை பழைய இடத்துக்கே போகும். பொருள் என்ற கருத்தே இன்னும் அந்தக் குழந்தைக்கு முழுதாக உருவாகவில்லை என்றார் பியாஜே. ஸ்மித்தும் எஸ்தர் தேலனும், தவறு கருத்தில் இல்லை, கையின் பழக்கத்தில் இருக்கிறது என்றார்கள். 1999இல் காட்டியும் விட்டார்கள்: இடம் மாற்றி ஒளிப்பதற்கு முன் உட்கார்ந்திருந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தினால் தவறு குறைகிறது. எழுந்து நின்றதால் புதுக் கருத்து வந்துவிடுமா என்ன? உடம்பு மாறியதும் பழைய பாதை அறுந்தது, அவ்வளவுதான். ஐகப் இந்தச் சிந்தனைக்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தது.

இன்னொரு வேலை ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் நடந்தது. கரோலின் லயன், க்ரிஸ்டஃபர் நெஹானிவ், ஜோ சாண்டர்ஸ் மூவரின் ஆய்வு, 2012. டீச்சீ என்று பெயரிட்ட ஐகப், அர்த்தமில்லாத அசைகளைக் கொட்டும்: பா, கூ, லெ என்று எது வாய்க்கு வருகிறதோ அது. மொழியியல் தெரியாத 34 சாதாரண மனிதர்கள் ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்து, எட்டெட்டு நிமிடம் நிறங்களையும் வடிவங்களையும் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காதில் அடிக்கடி விழும் அசைகளுக்கு ரோபோ முன்னுரிமை கொடுக்கும். ஒரு சொல் தற்செயலாக வந்ததும் எதிரே இருப்பவர் பாராட்டினால் அது நிற்கும். சுவையான விஷயம் வேறு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்குபவை இணைப்புச் சொற்கள். ஆனால் வேகப் பேச்சில் அவற்றை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக விழுங்குகிறோம். சிவப்பு, பெட்டி போன்ற பொருளுள்ள சொற்களை மட்டும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்கிறோம். ஆகவே எண்ணிக்கையில் அவை முந்திவிடுகின்றன. நம் உச்சரிப்பின் அலட்சியமே குழந்தைக்குச் சல்லடையாக உதவக்கூடும். பேச்சுத்தமிழில் நாம் விழுங்குவதை நினைத்துப் பார்த்தால் இதைத் தமிழில் யாராவது செய்து பார்க்கலாமே என்று தோன்றுகிறது.

தோலின் கதையும் உண்டு. ஜெனோவா பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜோ கன்னாத்தா தலைமையில் 2009 முதல் நடந்த ரோபோஸ்கின் திட்டம், சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளைக் கோத்து ஒரு தொடு தோலைச் செய்தது. ஐகப்பின் உடம்பில் இப்போது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடுபுள்ளிகள். ஃபாதிகா முன்பு குரங்குகளில் வினோதமான நரம்புச் செல்களைப் பார்த்திருந்தார்: கையைத் தொட்டாலும் தூண்டப்படும், கைக்கு அருகே ஒன்று வந்தாலே தூண்டப்படும். 2016இல் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வில் இதையே ஐகப் கற்றது. பொருள் நெருங்குவதைக் கண் பார்க்கும்; கொஞ்ச நேரத்தில் தோலில் படும். இது பலமுறை நடந்தபின், படுவதற்கு முன்பே அந்த இடத்துத் தோல் எதிர்பார்க்கத் தொடங்கும், கை விலகும். நம்மைச் சுற்றி ஒரு முழம் அகலத்தில் "என் இடம்" என்று உணர்வோமே, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மீறும்போது மட்டும் தெரியவரும் அந்த வட்டம், தொடுதலும் பார்வையும் சேர்ந்து கட்டிய ஒன்று என்பதற்கு இது ஒரு வேலை செய்யும் மாதிரி.

விரல்விட்டு எண்ணுவதையும் சோதித்தார்கள். எண்ணுப்பெயர்களை மட்டும் கேட்டுக் கற்றதைவிட, விரல் நிலைகளோடு சேர்த்துக் கற்றபோது ஐகப்பின் நரம்பு வலை (மூளையின் பாணியில் கற்கும் நிரல்) நன்றாகத் தேறியது. இதில் ஒரு வேடிக்கை: ஐகப்பின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே மோட்டாரில் ஓடுபவை. நான்கு என்று நம்மைப் போலக் காட்ட அதற்கு வழியில்லை.

அந்த வேடிக்கைக்குள்ளேயே இந்த மொத்த முறையின் பலவீனமும் இருக்கிறது. ரோபோ ஒன்றைக் கற்றுவிட்டது என்றால், அந்த வழியில் கற்க முடியும் என்று ஆகிறது. குழந்தையும் அதே வழியில்தான் கற்கிறது என்று ஆகாது. பறவையைப் புரிந்துகொள்ள விமானம் உதவியது, இறகைப் புரிந்துகொள்ள உதவவில்லை. ஐகப்புக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, அம்மாவின் மணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வளராது. குழந்தையின் கை மாதாமாதம் நீள்கிறது, எடை கூடுகிறது, தலைக்கும் உடம்புக்குமான விகிதம் மாறுகிறது. நேற்றுக் கற்ற எட்டுதல் இன்று தவறுகிறது, மறுபடி கற்கிறது. வளர்ச்சியை ஆராயக் கட்டிய ரோபோ 104 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. இன்னொன்று: சொல்லுக்கு ஒரு நிரல், தோலுக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று தனித்தனி வெற்றிகள் வந்தனவே தவிர, இவை அனைத்தையும் ஒரே ரோபோவில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வளரவிட்ட காட்சி வரவில்லை. ஐந்து மாதத்துக் கற்றல் எட்டு மாதத்துக் கற்றலுக்கு அடித்தளமாவதுதானே வளர்ச்சி?

ஆனால் மோர்ஸ், ஸ்மித் வேலையை முன்னே வைத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு பாதி வலுவிழக்கிறது. அங்கே ரோபோ சாட்சி சொல்லவில்லை. கோட்பாட்டின் இண்டு இடுக்குகளை நிரப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. "உடல் நிலை முக்கியம்" என்று காகிதத்தில் எழுதுவது எளிது. ரோபோவுக்கு எழுதும்போது கண்ணின் கோணமா, கழுத்தா, இடுப்பா, எவ்வளவு நேரம் நினைவில் இருக்கும் என்று ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னதும் அது பொய்ப்பிக்கத் தகுந்ததாகிவிடுகிறது. தீர்ப்பு குழந்தையிடமிருந்துதான் வந்தது. இத்துறையில் ரோபோவிலிருந்து குழந்தைக்குத் திரும்பிப் போய் வட்டத்தை முடித்த ஆய்வுகள் கொஞ்சமே. வட்டம் முடியாதவை நிறைய. அவை நல்ல பொறியியல் என்ற அளவில் நிற்கும்.

கடந்த சில ஆண்டுகளில் ஜெனோவாவில் கேள்வி இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. ரோபோ எப்படி அறிகிறது என்பதை விட்டு, ரோபோவைப் பார்க்கும் மனிதன் எப்படி அறிகிறான்? அக்னியெஷ்கா விகோவ்ஸ்காவின் குழு 2021இல் 40 பேரை ஐகப்புக்கு எதிரே உட்கார வைத்து ஒரு விளையாட்டு ஆடச் செய்தது. எதிரெதிரே வரும் இரண்டு கார்களில் யார் ஒதுங்குவது என்பது ஆட்டம். முடிவெடுப்பதற்குச் சற்று முன் ரோபோ சில தடவை கண்ணுக்குக் கண் பார்த்தது, சில தடவை வேறு பக்கம் பார்த்தது. கண்ணைப் பார்த்த தடவைகளில் மனிதர்கள் முடிவெடுக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். மூளை அலைகளிலும் வேறுபாடு பதிவானது. எதிரே இருப்பது கேமராக்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இதை மனிதர்கள் இருவரை வைத்துச் செய்ய முடியாதா என்றால், முடியாது. எந்த மனிதரும் ஒரே பார்வையை நூறு தடவை துளி மாறாமல் பார்க்க மாட்டார். திரையில் படத்தைக் காட்டினால் துல்லியம் வரும், எதிரே ஒருவர் இருக்கிற உணர்வு வராது. அளவுகோலாக ரோபோ நன்றாகவே பயன்படுகிறது. எனக்குத் தோன்றுவது, ஐகப் குழந்தையாக இருந்து தந்ததைவிட இந்த வேடத்தில் தருவது அதிகமாக இருக்கலாம்.

ஐகப்பின் வாரிசு ஐகப்3, 125 சென்டிமீட்டர், 52 கிலோ. தானியேலே பூச்சியின் குழு அதைத் தொலைவிலிருந்து இயக்கும் அவதாரமாக மாற்றியது. 2021 நவம்பரில் ஜெனோவாவில் இருந்த ஒருவர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி வெனிஸில் நடந்த கண்காட்சியை அதன் உடம்பு வழியாகச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு வடிவத்துக்கு ஜெட் எஞ்சின்களை மாட்டிப் பறக்கவிடவும் முயல்கிறார்கள். குழந்தை வளர்ந்துதான்விட்டது, ஆனால் அதற்குள் இருந்து சிந்திப்பவர் இப்போது ஒரு பெரிய மனிதர், கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

உலகச் சந்தையிலும் மனித உருவ ரோபோக்கள் குவிகின்றன. பெட்டி தூக்க, துணி மடிக்க. மனிதர்கள் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டிய ஆயிரக்கணக்கான செய்முறைகளை விழுங்கிக் கற்பவை பல. வரைபடங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ரகசியம். அவற்றுக்குக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை, துணி மடிந்தால் போதும். அதில் தவறொன்றும் இல்லை, அது வேறு தொழில்.

பழைய கேள்வியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் சிறு குழுக்களாக இருக்கிறார்கள். ஜெனோவாவில் ஐகப்பின் தோலோடு வேலை செய்த மதேய் ஹாஃப்மன் இப்போது பிராகில் இருக்கிறார். பாரிஸின் குழந்தை உளவியலாளர்களோடு சேர்ந்து அவர் செய்த வேலை ஒன்று 2017இல் வந்தது. மூன்று மாதம் முதல் 21 மாதம் வரையான குழந்தைகளின் உடம்பில், கை, கால், முகம் என்று வெவ்வேறு இடங்களில் மெல்ல அதிரும் சின்னக் கருவியை ஒட்டினார்கள். மிகச் சின்னக் குழந்தைக்கு அதிர்வது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை போலும். உடம்பு முழுதும் நெளிகிறது. மாதங்கள் போகப் போக அந்த அங்கம் மட்டும் அசைகிறது, பிறகு கை அதைத் தேடிப் போகிறது. தன் உடம்பின் எந்த மூலை எங்கே இருக்கிறது என்ற இந்த அறிவை ஐகப்புக்குத் தொழிற்சாலையிலேயே கோணக் கணக்காக எழுதிக் கொடுத்துவிட முடியும், பத்து வரி நிரல். அதைக் கொடுக்காமல், தோலை மட்டும் கொடுத்து, தன்னைத் தானே தொட்டுத் தொட்டு அது கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை.